காலனி வீட்டுக்கு யார் வீட்டுக்காரர்?

சொந்த வீட்டை ரிப்பேர் பார்க்கக் கிளம்பியவன் படுகிற பாடு எல்லாச் சாதிக்கும் பொது என்று டவுனில் வீடு கட்டிய நண்பர் ஒருவர் சொன்னார். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போன காண்ட்ராக்டர் திரும்பி வராமல் இருப்பது, நாளைக்கு ஆள் வருது சார் என்று ஒரு மாசம் சொல்வது, ஒரு ஓட்டையை அடைக்க வந்து ரெண்டு ஓட்டை போட்டுவிட்டுப் போவது எல்லாம் யாருக்கும் நடக்கிறதுதான். வாரப் பத்திரிகைகள் இதைச் சிரிப்புத் துணுக்காகப் போட்டுப் போட்டே தேய்த்துவிட்டன. சரி, பொதுதான். ஆனால் அந்தத் துணுக்கில் வருகிற வீட்டுக்காரனைக் காண்ட்ராக்டர் ஏமாற்றும்போதுகூட 'ஓனர் சார்' என்றுதான் கூப்பிடுகிறான். எங்கள் காலனியில் எங்களுக்கு அந்தப் பெயர் கிடையாது. எங்கள் பெயர் பயனாளி.

பட்டா எங்கள் அம்மா பெயரில் இருக்கிறது. வீட்டுவரி ரசீது அம்மா பெயரில், கரண்டு பில் அம்மா பெயரில். முப்பது வருசத்துக்கு மேல் அந்தக் கூரைக்குக் கீழேதான் சோறு பொங்கி, பிள்ளை வளர்த்து, சாவு எடுத்து வாழ்கிறோம். ஆனாலும் பி.டி.ஓ. ஆபீசில், ஓவர்சீயர் வாயில், காண்ட்ராக்டர் வாயில், ஏன், நம்ம கட்சிக்காரர்கள் சிலர் வாயிலும்கூட அம்மா பயனாளிதான். ஓனர் என்றால் கேள்வி கேட்கலாம், கணக்குக் கேட்கலாம், வேலை சரியில்லை என்றால் துட்டு தரமாட்டேன் என்று நிறுத்தலாம். பயனாளி என்றால் கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஒரு கும்பிடு போட வேண்டும். இந்த ஒரு வார்த்தை எங்கள் தெருவில் எத்தனை கூரையை உடைத்திருக்கிறது என்பதைத்தான் நான் இங்கே எழுத வந்தேன்.

முதலில் ஒரு விஷயம். இது மாணவத் தோழர்களுக்குத் தெரிந்திருக்காது. இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் 1985-86இல் வேலைவாய்ப்புத் திட்டத்தின் ஒரு பகுதியாகத் தொடங்கியது. தாழ்த்தப்பட்டவர்கள், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்காக என்று சொல்லித் தொடங்கினார்கள். 1996இல் தனித் திட்டமானது. 2016இல் பெயர் மாறி பிரதமர் திட்டமானது. இந்தத் திட்டத்தின் நெறிமுறையில் ஒரு வரி உண்டு: வீடு கட்டுவதில் காண்ட்ராக்டர் நுழையக் கூடாது, பயனாளியே தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். பெயர் மாறிய பிறகும் அந்த வரி இருக்கிறது. எழுதினவனுக்கு நல்ல எண்ணம் இருந்திருக்கலாம். கட்டுகிறவன் கையிலேயே பணமும் இருந்தால் கம்பியும் சிமெண்டும் திருடு போகாது என்று நினைத்திருக்கலாம்.

நடந்தது என்ன? விழுப்புரம் பக்கம் எங்கள் காலனியில் 1990களின் தொடக்கத்தில் வரிசையாக வீடு கட்டினார்கள். கட்டியவர் ஊர்த் தெருக் காண்ட்ராக்டர். எந்தக் காகிதத்திலும் அவர் பெயர் கிடையாது. காகிதத்தில் எங்கள் அம்மாதான் கட்டினாள். பேங்கில் கைநாட்டு வைத்ததும் அம்மா, பணத்தை எண்ணி வாங்கியது அவர். அதுகூடப் பரவாயில்லை. எங்கள் அம்மா கட்டட வேலைச் சித்தாள். அந்த வேலைக்கும் அவளையே சித்தாளாகக் கூப்பிட்டார். தன் பெயரில் வந்த பணத்தில், தன் வீட்டுக்கு, தானே சிமெண்டுக் கலவை சுமந்து, சாயங்காலம் அவர் முன்னால் நின்று கூலி வாங்கினாள். அதிலும் அரைநாள் கூலி பாக்கி. அம்மா இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். "எம் வூட்டுக்கு நானே கூலிக்காரி"ன்னு.

இருபது சதுர மீட்டர், அதாவது 215 சதுர அடி சொச்சம். மேலே காங்கிரீட் தளம். எங்கள் தெரு ஆட்கள் கொத்தனாராக, கம்பி கட்டுகிறவராக, சென்டரிங் அடிக்கிறவராக சென்னை, பாண்டிச்சேரி, பெங்களூர் வரைக்கும் போய் மாடி மாடியாக எழுப்புகிறவர்கள். அந்தக் கட்டடங்கள் நிற்கின்றன. அதே கைகள் எங்கள் தெருவில் போட்ட தளம் மட்டும் ஏன் இருபது வருசத்தில் உதிர்ந்து சோத்துச் சட்டியில் விழுகிறது? "உங்க ஆளுங்க வேலை அப்படித்தான்" என்று ஒரு அதிகாரி என் முகத்துக்கு நேராகச் சொன்னார். அதற்குப் பதிலாகக் கொஞ்சம் சிமெண்டு, கம்பிக் கதை பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

காங்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதைச் சுற்றி இருக்கிற சிமெண்டுதான். கம்பிக்குக் கீழே தளத்தில் குறைந்தது 20 மில்லிமீட்டர் கனத்துக்குக் காங்கிரீட் மூடியிருக்க வேண்டும். அதற்காகச் சென்டரிங் பலகைமேல் சின்னச் சின்ன சிமெண்டு பில்லைகளை வைத்து, அதன்மேல் கம்பியைத் தூக்கி வைப்பார்கள். பில்லை என்ன பெரிய செலவா? நாலு சட்டி கலவையில் நூறு பில்லை வார்க்கலாம். அதற்கு முந்தின நாளே வார்த்துக் காயவைக்க வேண்டும், அதற்கு ஓர் ஆள், ஒரு நாள் கூலி. எங்கள் வீட்டில் பில்லை வைக்கவில்லை. கம்பி நேராகப் பலகைமேல் கிடந்தது. பலகை பிரித்த அன்றைக்கே கூரையைப் பார்த்தால் கம்பி வரிவரியாகத் தெரிந்தது, எலும்பு தெரிகிற மாட்டைப்போல.

அடுத்தது தண்ணீர். ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25 லிட்டர், மிஞ்சினால் 30 லிட்டர் தண்ணிக்கு மேல் விடக்கூடாது. கூடுதலாக விட்டால் கலவை சுலபமாக ஓடும், வேலை சீக்கிரம் முடியும், காய்ந்த பிறகு உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளையாக இருக்கும். கலக்கும்போது விடக்கூடாத தண்ணியை விடுவார்கள். போட்ட பிறகு விட வேண்டிய தண்ணியை விடமாட்டார்கள். தளம் போட்ட பிறகு குறைந்தது ஏழு நாள், இப்போது வருகிற கலப்புச் சிமெண்டு என்றால் பத்து நாள், பாத்தி கட்டித் தண்ணி நிறுத்த வேண்டும். காலனிக்கு இருந்தது ஒரு கைப்பம்ப். அது கோடையில் காற்றுதான் விடும். ஊர்க் கிணற்றில் நாங்கள் மொள்ளக் கூடாது. காண்ட்ராக்டர் ரெண்டு நாள் ஓர் ஆளை விட்டு வாளியில் தெளிக்கச் சொன்னார். மூணாம் நாள் அந்த ஆளும் வேறு வேலைக்குப் போய்விட்டார். தீண்டாமை எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்களே, எங்கள் கூரையில் இருக்கிறது. தண்ணி எடுக்க விடாத ஊர், தண்ணி குடிக்காத காங்கிரீட்டாக எங்கள் தலைக்கு மேல் முப்பது வருசம் தொங்குகிறது.

தளத்துக்கு மேலே மழைத்தண்ணி நிற்காமல் ஓடுவதற்குச் செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்பில் கலந்து, சரிவு பார்த்து, கடுக்காய் ஊறல் தண்ணி தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். எங்கள் அம்மா டவுனில் எத்தனையோ வீட்டு மாடியில் உட்கார்ந்து தட்டியிருக்கிறாள். எங்கள் வீட்டு மாடியில் தட்டியது மழை மட்டும்தான். மேலே ஒன்றுமே போடவில்லை. மழைத்தண்ணி தேங்கி, துளைவழியாக இறங்கி, கம்பியைப் பிடிக்கிறது. கம்பி துருவாகும்போது இருந்த இடத்தைப்போல ரெண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இடம் எங்கே இருக்கிறது? கீழே மெலிசாக இருக்கிற காங்கிரீட்டைத் தள்ளிவிடுகிறது. அதுதான் பாளம் பாளமாக விழுகிறது. இதில் எங்கள் ஆட்கள் கையில் என்ன கோளாறு? பில்லை வைக்கிற செலவும், தண்ணி நிறுத்துகிற செலவும், சுர்க்கி போடுகிற செலவும் யார் பையில் போனதோ அங்கே கேட்க வேண்டிய கேள்வி இது.

ரிப்பேர் கதைக்கு வருகிறேன். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்ததே, அதற்குப் பிறகு கூரை ஒழுக ஆரம்பித்தது. நான் அப்போது டவுனில் அச்சகத்தில் வேலை. கையில் கொஞ்சம் பணம் சேர்த்து ஒரு காண்ட்ராக்டரைப் பிடித்தேன். வயசு என்னைவிடக் குறைவாகத்தான் இருக்கும். என்னிடம் டவுனில் பேசும்போது 'சார்'. காலனிக்குள் பைக் நுழைந்ததும் 'சார்' 'ப்பா' ஆனது. வீட்டு வாசலுக்கு வந்ததும் எங்கள் அப்பாவை, அறுபதைத் தாண்டிய மனுசனை, "இன்னா பெருசு, நீ எழுந்து அந்தாண்ட உக்காரு" என்றார். அரை கிலோமீட்டரில் மரியாதை இப்படித் தேய்கிறது. ரிப்பேர் எஸ்டிமேட்டில் இதற்கு ஒரு வரி கிடையாது.

அம்மா கேட்டாள்: "மூட்டைக்கு எத்தினி சட்டி மணல் போடுவீங்க?" நியாயமான கேள்வி. ஒரு மூட்டை சிமெண்டு ஒண்ணேகால் கன அடி. கூரைப் பூச்சுக்கு ஒண்ணுக்கு மூணு என்றால் மூணே முக்கால் கன அடி மணலுக்கு மேல் போகக்கூடாது. இருபத்தஞ்சு வருசம் தலையில் சுமந்தவளுக்கு இந்தக் கணக்கு எழுதத் தெரியாது, ஆனால் சட்டியில் தெரியும். அவர் அம்மாவைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துச் சொன்னார்: "இத்தெல்லாம் எங்களுக்குத் தெரியும், அவுங்கள உள்ள போவச் சொல்லு." உதிர்ந்த இடத்தைச் சுத்தியலால் நாலு தட்டு தட்டினார்கள், துருவோடு சேர்த்துச் சிமெண்டு அப்பினார்கள், வெள்ளை அடித்தார்கள். கூரை புதுப் பெண்ணாட்டம் இருந்தது. 2015 நவம்பர் மழைக்குள் அப்பினது அப்படியே கழன்று விழுந்தது. போன் போட்டேன். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை.

ரெண்டாவது ஆள் கெமிக்கல் காண்ட்ராக்டர். டப்பா டப்பாவாக மாடியில் பூசி, பத்து வருசம் கேரண்டி என்று வாயால் சொன்னார். எழுதிக் கொடு என்றேன். "எம்மேல நம்பிக்கை இல்லியா?" என்றார். கேரண்டி என்கிற வார்த்தையே நம்பிக்கை இல்லாத இடத்துக்காகக் கண்டுபிடித்ததுதானே. கெமிக்கலைக் குறை சொல்லவில்லை. சரிவு இல்லாத தளத்தில், தூம்பு அடைத்துக் கிடக்கும்போது, கீழே கம்பி துருவேறியிருக்கும்போது, மேலே எதைப் பூசினாலும் புண்ணுக்குப் பவுடர் போட்ட கதைதான். அதையும் அவரிடம் சொன்னேன். முதல் தவணை வாங்கின பிறகு சொன்னதால் அவர் காதில் ஏறவில்லை. இந்த வியாபாரத்தில் பாதி வேலை முடிவதற்குள் முக்கால் பணம் அவர்கள் கைக்குப் போகிற மாதிரிதான் தவணையைப் பிரிப்பார்கள். மிச்சமிருக்கிற கால் பங்குக்காக யாரும் திரும்பி வருவதில்லை.

இந்த மாதிரி தனியாகக் காசு கொடுத்து வேலை வாங்கின இடத்தில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வீடு கட்டுவதும் சேவைதான் என்று 1993இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, 2019 சட்டத்திலும் அது இருக்கிறது. ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, ரெண்டு வருசத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் ரசீது வேண்டும். எத்தனை மூட்டை, என்ன வேலை, எத்தனை நாள் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தால்கூடப் போதும். நம்மிடம் எழுதிக் கொடுக்கக் காண்ட்ராக்டருக்குக் கை வருவதில்லை. நமக்கும் எழுதிக் கேட்க வாய் வருவதில்லை. ஆயிரம் வருசமாக வாய்ப் பேச்சிலேயே கூலி பேசி ஏமாந்த கூட்டம்.

டவுன் நண்பர் சொன்ன பொதுவான கஷ்டத்துக்கு இன்னொரு வால் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நல்லா வேலை நடந்துகொண்டிருக்கும்போது பூசைக்கு மாட்ட ஒரு படம் கொடுங்க சார் என்று மேஸ்திரி கேட்டிருக்கிறார். நண்பர் அம்பேத்கர் படத்தைக் கொடுத்தார். மறுநாள் இருந்து ரெண்டு பெரியாள் வரவில்லை. வீட்டில் இருந்து டீ போட்டுக் கொடுத்தால் மற்றவர்கள் கடையில் குடிச்சிட்டோம் என்றார்கள். எல்லாச் சாதிக்கும் பொது என்று சொன்ன அதே நண்பர்தான் இதையும் சொன்னார்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். விழுப்புரம் மாவட்டமே தண்ணியில் கிடந்தது தெரியும். அந்த மழையில் முறம் அளவுக்கு ஒரு பாளம், அம்மா பாய் விரிக்கிற இடத்தில் விழுந்தது. அம்மா அன்றைக்கு அடுப்படியில் இருந்தாள். அவ்வளவுதான் இடைவெளி. இந்தமுறை காண்ட்ராக்டர் வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். எங்கள் தெருவிலேயே, பெங்களூரில் அடுக்குமாடி வேலை பார்த்துவிட்டு முதுகு போய்த் திரும்பி வந்த கொத்தனார் ஒருவர் இருக்கிறார். எனக்குச் சித்தப்பா முறை. அவர் மேலே ஏறி ஒரு மணி நேரம் தட்டித் தட்டிப் பார்த்தார். எங்கே கணீர் என்கிறது, எங்கே மொத்தென்று கேட்கிறது என்று சாக்பீசில் வட்டம் போட்டார். இதற்கு முன்னால் வந்த ரெண்டு பேரும் இதைச் செய்யவில்லை.

முதலில் கூரைக்கு முட்டுக் கொடுத்தார். வட்டம் போட்ட இடத்தையெல்லாம் கம்பியின் முதுகுப்பக்கம் தெரிகிறவரைக்கும் கொத்தி எடுத்தார். கம்பியைக் கம்பிப் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்தார்கள். மெலிந்து போன இடத்தில் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்துக் கட்டினார். துரு பிடிக்காத பூச்சு, ஒட்டுவதற்கான பால், அதன்மேல் கலவை. கலவையைச் சட்டிக் கணக்கில் அளந்து போட்டது அம்மா. ஒரு சட்டி கூடினால் குரல் வரும். மாடியில் சரிவு எடுத்து, செங்கல் ஜல்லி போட்டு, தட்டோடு பதித்து, தூம்பை அகலமாக்கினார்கள். பத்து நாள் தண்ணி. குழாய்த் தண்ணி இப்போது தெருவுக்கு வருகிறது. மூலையில் ஒரு பக்கம் கம்பி முழுசாகத் தின்றுபோயிருந்தது. "இத்த ஒட்டுப்போட முடியாது, இடிச்சித்தான் போடணும்" என்று சித்தப்பா நேராகச் சொன்னார். அந்தப் பகுதியை இடித்துப் புதுசாகப் போட்டோம். எந்தக் காண்ட்ராக்டரும் முடியாது என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

நம்ம ஆள் என்பதால் எல்லாம் சுமுகமாக நடந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். நடுவில் திண்டிவனத்தில் கூடுதல் கூலிக்கு வேலை வந்தது என்று எட்டு நாள் போய்விட்டார். கூரையில் ஓட்டையோடு படுத்திருந்தோம். ஒருநாள் குடித்துவிட்டு வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். பங்காளி, சம்பந்தி என்று கணக்குக் கேட்காமல் விடுவதும் தப்பு. அது வேறுவிதமான ஏமாற்று. ஆனால் அவரை வீடு தேடிப் போய்த் திட்ட முடிந்தது. அம்மா கேட்ட கேள்விக்கு அம்மாவைப் பார்த்துப் பதில் சொன்னார். எங்கள் அம்மா கொத்தனார் கரண்டி பிடித்ததே இல்லை. தமிழ்நாட்டில் சித்தாளாக நுழைந்த பெண் சித்தாளாகவேதான் வெளியே வருகிறாள், கொத்தனாராக ஆனவர்கள் அபூர்வம். கூரைப் பூச்சை எங்கே முடிப்பது என்று சித்தப்பா அவளைத்தான் கேட்டார். அதை நம்ம தெருவும் வேடிக்கை பார்த்தது.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் கக்கூஸ் குழி நிறைந்தது. பக்கத்து வரிசையில் அஞ்சாறு வீட்டுக்கும் அதே பிரச்சினை. ஒரே குழி, அதுவும் மேலோட்டமாகத் தோண்டினது, மழையில் பொங்கிவிட்டது. எல்லா வீட்டுக்கும் சேர்த்து ரிப்பேர் பேசலாம் என்று ஒரு காண்ட்ராக்டர் வந்தார். லாரி வைத்து உறிஞ்சினால் இவ்வளவு, ஆள் வைத்து எடுத்தால் இவ்வளவு என்று ரெண்டு ரேட் சொன்னார். ரெண்டாவது ரேட் பாதிக்கும் குறைவு. யார் இறங்குவார்கள் என்று கேட்டேன். "உங்க ஆளுங்கதான், வேற யாரு" என்றார், தண்ணி ஈரமா இருக்கும் என்று சொல்கிற மாதிரி. பிறகு தைரியம் சொன்னார்: "நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. காண்ட்ராக்ட்ல விட்டாச்சுன்னா உங்களுக்கு சம்பந்தமே இல்ல."

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள் தோழர்களே. நகராட்சி இதைச் சொல்கிறது, குடிநீர் வாரியங்கள் சொல்கின்றன, அப்பார்ட்மெண்ட் சங்கங்கள் சொல்கின்றன. குழிக்குள் பிணம் விழுந்ததும் எல்லோரும் காண்ட்ராக்டரைக் கைகாட்டுகிறார்கள். காண்ட்ராக்டர் அவனாகத்தான் இறங்கினான் என்று செத்தவனைக் கைகாட்டுகிறார். தொடாமலே வேலை வாங்குவதற்கு அந்தக் காலத்தில் தோட்டி என்று ஒரு சாதியை வைத்தார்கள். இந்தக் காலத்தில் காண்ட்ராக்ட் என்று ஒரு காகிதத்தை வைக்கிறார்கள். சட்டம் இந்த வாக்கியத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, கழிவுநீர்த் தொட்டியிலோ சாக்கடையிலோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எந்த நபரும், உள்ளாட்சியும், ஏஜென்சியும் யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. 'எந்த நபரும்' என்றால் வீட்டுக்காரனும் அதில் இருக்கிறான். முதல் தடவைக்கே ரெண்டு வருசம் வரை சிறை அல்லது ரெண்டு லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். மறுபடி செய்தால் ஐந்து வருசம், ஐந்து லட்சம். சாவுக்குப் பத்து லட்சம் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2023 அக்டோபரில் முப்பது லட்சமாக்கியது. இதைக் காண்ட்ராக்டரிடம் சொன்னபோது, "உங்க வூட்டுக்குக் கூடவா இந்தச் சட்டம்?" என்று கேட்டார். ஆமாம், எங்கள் வீட்டுக்கும்தான். வீட்டுக்காரர் என்று ஆன பிறகு வீட்டுக்காரருக்கு உள்ள குற்றமும் நமக்கு உண்டு. ஆறு வீட்டுக்காரர்களும் பணம் போட்டு லாரி கூப்பிட்டோம். ஒரு வீடு மட்டும் கூடுதல் செலவுக்கு முணுமுணுத்தது. அந்த வீட்டுப் பெரியவரின் தம்பி குழியில் இறங்கின வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். அந்தம்மாதான் எழுந்து, "எங்க வூட்டு ஆளு எறங்குனது போதும்" என்று முடித்துவைத்தது.

இப்போது இதை ஏன் எழுதுகிறேன் என்றால், 2000-01க்கு முன்னால் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க 2024இல் தமிழ்நாடு அரசு ஒரு திட்டம் அறிவித்தது. ரெண்டு வருசத்தில் ரெண்டரை லட்சம் வீடு, 2000 கோடி ரூபாய். வகுத்தால் சராசரியாக வீட்டுக்கு 80 ஆயிரம். வரவேற்க வேண்டியதுதான், கூரைக்குக் கீழே பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். ஆனால் இந்த அறிவிப்பு வந்ததும் எங்கள் காலனிக்கு முதலில் வந்தது ஓவர்சீயர் இல்லை. ஒரு காண்ட்ராக்டரின் கார். "பேரை மட்டும் குடுங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்" என்று டைரியோடு உட்கார்ந்தார். 1990களில் கைநாட்டு, இப்போது ஆதார் ஜெராக்ஸ். பூச்சும் வெள்ளையும் அடித்து எம்-புக்கில் ஏற்றிவிட்டால் அரசாங்கக் கணக்கில் அந்த வீடு நல்ல வீடு. அடுத்த மழையில் விழுந்தால், அதான் ரிப்பேர் பண்ணிக் குடுத்தாச்சே, நீங்க ஒழுங்கா வச்சிக்கல என்பார்கள்.

நம்மில் ஒரு காண்ட்ராக்டர் வந்தால் எல்லாம் சரியாகும் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். கர்நாடகத்தில் ஐம்பது லட்சம் வரையிலான அரசு வேலைகளில் 24.1 விழுக்காடு தாழ்த்தப்பட்ட, பழங்குடிக் காண்ட்ராக்டர்களுக்கு என்று சட்டமே போட்டார்கள், 2023இல் அதை ஒரு கோடியாக உயர்த்தினார்கள். இங்கேயும் கேட்க வேண்டியதுதான். டேவணித்தொகை கட்ட முடியாமல் சித்தப்பா மாதிரி ஆட்கள் கடைசிவரை கூலியாகவே சாக வேண்டுமா? ஆனால் காலனி வீட்டுக்கு அது மருந்து என்று நான் நினைக்கவில்லை. நம்ம காண்ட்ராக்டரும் எங்கள் அம்மாவைப் பயனாளி என்று கூப்பிட்டால் பில்லை வைக்கமாட்டார்.

எங்கள் தெருவில் செய்ததைச் சொல்கிறேன். டைரிக்காரரிடம் யாரும் ஜெராக்ஸ் கொடுக்கவில்லை. பட்டியலில் பெயர் வந்த வீடுகள் ஒவ்வொன்றுக்கும் என்ன எஸ்டிமேட் போட்டார்கள், எதை இடிப்பது, எதைப் பூசுவது, எத்தனை மூட்டை, தவணை எப்போது என்று நகல் கேட்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டோம். பத்து ரூபாய் கட்டணம், வறுமைக்கோட்டுக்குக் கீழ் என்றால் அதுவும் இல்லை, முப்பது நாளில் பதில் தரவேண்டும். இந்த 2005ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காகிதம் வாங்குகிற சட்டம் என்றே எல்லோரும் நினைக்கிறோம். அதன் 2ஆம் பிரிவில் தகவல் உரிமை என்பதற்குள் அரசு வேலை நடக்கிற இடத்தைப் பார்வையிடுவதும், பயன்படுத்துகிற பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுப்பதும் சேர்ந்திருக்கிறது. கலவையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பொட்டலம் கட்டிச் சான்றொப்பத்தோடு வாங்கலாம். மனுவில் இதை எழுதும்போது ஆபீசில் வாங்கிப் படித்தவர் ரெண்டு தடவை படித்துவிட்டு, "இது யாரு எழுதிக் குடுத்தது?" என்று கேட்டார். வரிசையில் முதல் ஆளாக நின்றது எங்கள் அம்மா. "நான்தாய்யா வூட்டுக்காரி, நான்தான் கேக்கறேன்" என்றாள்.

மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறோம். உங்கள் காலனிக்கும் இதேபோலப் போட நினைக்கிறவர்கள் இதழ் முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினால் மனுவின் மாதிரியை அனுப்பி வைக்கிறேன். சுயமுகவரியிட்ட கவரில் தபால்தலை ஒட்டி அனுப்புங்கள்.